ஹன்யாக் கசாயமும் எட்டு மாதக் களைப்பும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34. தென்கொரியாவின் தேஜான் நகரில் ஓர் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடந்த குளிர்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். காய்ச்சல் போய்விட்டது, களைப்பு மட்டும் எட்டு மாதமாகப் போகவில்லை. எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்த உணர்வே இல்லை. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். உடன் வேலை செய்யும் கொரியத் தோழி ஒரு ஹனுய்வோனுக்கு, அதாவது கொரிய மரபு மருத்துவ நிலையத்துக்கு, அழைத்துச் சென்றார். அங்குள்ள மருத்துவர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, நான் 'சோஉம்' உடல்வாகு என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு ஹன்யாக் என்னும் கொரிய மூலிகைக் கசாயம் கொடுத்திருக்கிறார். நான் சைவம், ஐந்து ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மருத்துவத்துக்கு உண்மையான ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா? களைப்புக்கு மட்டுமின்றி வேறு நோய்களுக்கும் இது பயன்படுமா? குடித்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்கிறார்களே, அது சரியா? அம்மா ஊரிலிருந்து அமுக்கராச் சூரணம் அனுப்புகிறேன் என்கிறார், சேர்த்துச் சாப்பிடலாமா? இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: சனிக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை, திங்களும் செவ்வாயும் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் சொல்ல மறந்துவிட்டதாகக் கடைசியில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. ஆகவே கசாயத்துக்கு வருவதற்கு முன்னால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

களைப்பு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது மருத்துவத்தில் ஒன்றல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, காரணம் எதுவும் பிடிபடாத களைப்பை நாள்பட்ட களைப்பு என்போம். அது ஓர் அறிகுறி, அவ்வளவுதான். நாள்பட்ட களைப்பு நோய் என்பது வேறு. அதில் களைப்போடு வேறு சில குறிகளும் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றில் தலையாயது, சிறிது உழைத்ததற்கே ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உடல் மொத்தமாகச் சரிந்துவிடுவது. வேலை செய்யும்போதே களைத்துப்போவது எல்லோருக்கும் உள்ளதுதான். சனிக்கிழமை செய்த வேலைக்குத் திங்கட்கிழமை தண்டனை கிடைப்பது எல்லோருக்கும் உள்ளதல்ல. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரையறை இந்தச் சரிவையும், தூங்கியும் தெளியாத உறக்கத்தையும் கட்டாயக் குறிகளாக வைத்தது. இவற்றோடு சிந்தனை மந்தமோ, எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்புமோ, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் இரண்டும் உங்களுக்கு இருக்கின்றன. மற்ற இரண்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், ஆராய்ச்சி பற்றிய உங்கள் கேள்விக்கே இதில்தான் விடை இருக்கிறது. கொரிய மருத்துவத்தில் களைப்பு பற்றிய ஆய்வுகள் உண்டா என்றால் உண்டு. அதிலும் நீங்கள் குடியிருக்கும் தேஜான் நகரிலேயே நடந்தவை பல. ஆனால் அவை எந்தக் களைப்பைப் பற்றியவை, எந்த மருந்தைப் பற்றியவை என்று பார்த்தால், உங்கள் கையில் உள்ள கசாயப் பைக்கும் அவற்றுக்கும் இடையில் உள்ள தூரம் தெரியவரும்.

முதலில் அந்த மருத்துவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நீங்கள் போனது போலி மருத்துவரிடம் அல்ல. கொரியாவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே மரபு மருத்துவர்களுக்குத் தனி உரிமம் இருக்கிறது. பொதுவாக ஆறு ஆண்டு நீளும் பல்கலைக்கழகப் படிப்பும் தேசியத் தேர்வும் முடித்தவர்களே ஹனுய்சா என்ற பெயரில் மருத்துவம் பார்க்க முடியும். மன்னர் சோன்ஜோவின் ஆணைப்படி 1596-இல் தொடங்கி 1610-இல் ஹோ ஜுன் முடித்து, 1613-இல் அச்சான 'தோங்குய் போகாம்' என்னும் 25 தொகுதி நூல் இவர்களுக்கு மூலநூல். 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அது இடம்பெற்றது. உங்களுக்குச் சொல்லப்பட்ட சோஉம் என்பது அதற்கும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யி ஜெமா என்பவர் மனிதர்களை தேயாங், தேஉம், சோயாங், சோஉம் என்று நான்கு உடல்வாகுகளாகப் பிரித்து, ஒரே நோய்க்கு ஆளுக்கு ஏற்ப வேறு வேறு மருந்து என்று வகுத்தார். வாத உடம்பு, பித்த உடம்பு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அதனாலேயே சற்று எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பழகிய வடிவில் ஒன்று வந்தால் அதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது நம் இயல்பு.

இனி ஆய்வுகள். தேஜான் பல்கலைக்கழகத்தின் கொரிய மருத்துவமனையைச் சேர்ந்த குழு ஒன்று இந்தத் துறையில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. அவர்கள் ஜின்செங் வேரின் சாற்றை, காரணம் தெரியாத நாள்பட்ட களைப்புள்ள 90 பேரிடம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. பங்கேற்றவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம், ஒன்றுக்கு 2 கிராம், மூன்றாவதற்கு மருந்துப்போலி (பார்வைக்கு ஒத்த, மருந்தே இல்லாத பொருள்) என்று கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மொத்தக் களைப்பு மதிப்பெண்ணில் ஜின்செங்குக்கும் மருந்துப்போலிக்கும் இடையே புள்ளியியல் ஏற்கும்படியான வேறுபாடு வரவில்லை. மனக்களைப்பு என்ற உட்பிரிவில் மட்டும் வந்தது. நான்கு வாரம் என்பது மிகக் குறுகிய காலம் என்பதையும், பங்கேற்றவர்களுக்கு இருந்தது களைப்பு என்ற அறிகுறியே தவிர நாம் மேலே பார்த்த நோய் அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே குழுவின் இன்னொரு மருந்து மயலோஃபில். ஹ்வாங்கி எனப்படும் அஸ்ட்ரகாலஸ் வேரும், தான்சாம் எனப்படும் செந்நிற சால்வியா வேரும் சேர்ந்த சாறு அது. 2009-இல் 36 பேரிடம் நான்கு வாரம் செய்த முன்னோட்டம் நம்பிக்கை தருவதாக இருந்ததால், பின்னர் நாள்பட்ட களைப்பு நோயாளிகள் 98 பேரைச் சேர்த்து, நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து, மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. தொடக்கத்திலேயே களைப்பு கடுமையாக இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது மருந்து எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய நேர்மை அது. ஆனால் மொத்தத்தில் கிடைக்காத வேறுபாடு ஒரு பகுதியில் கிடைத்தால், அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக எடுத்துக்கொள்வதே முறை. வலையை ஒரு முறை வீசி போதிய மீன் இல்லை என்று தெரிந்த பிறகு, கிடைத்த ஒன்றிரண்டைக் காட்டி இந்தக் குளம் மீன் குளம் என்று சொல்ல முடியாதல்லவா?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொரிய ஆய்வுகள் பலவற்றில் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க 1994-ஆம் ஆண்டு அமெரிக்க வரையறையைப் பயன்படுத்துகிறார்கள். எட்டுக் குறிகளில் ஏதேனும் நான்கு இருந்தால் போதும் என்கிறது அது. உழைப்புக்குப் பிந்தைய சரிவு அந்த எட்டில் ஒன்று, கட்டாயமல்ல. ஆகவே அந்த 98 பேரில் உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது அந்த வரையறையை வைத்து மட்டும் தெரியாது.

அக்குபங்சரிலும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. 2015-இல் வெளியான அதில் 150 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான அக்குபங்சரும், இன்னொன்றுக்குக் கொரியாவுக்கே உரிய சாஆம் முறை அக்குபங்சரும் நான்கு வாரத்தில் பத்து முறை செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் தங்கள் வழக்கமான கவனிப்பை மட்டும் தொடர்ந்தார்கள். ஐந்தாவது வாரத்தில் வழக்கமான அக்குபங்சர் செய்துகொண்டவர்களின் களைப்பு மூன்றாம் பிரிவினருடையதைவிடக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஊசி குத்துவதுபோல் பாவனை செய்யும் ஒப்பீட்டுப் பிரிவு இதில் இல்லை. தனக்கு ஊசி போடப்படுகிறது என்று நோயாளிக்குத் தெரியும். வாரம் இரண்டு மூன்று முறை ஒருவர் தன்னை அக்கறையோடு கவனிக்கிறார் என்பதும் தெரியும். குணம் ஊசியால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த ஆய்வால் முடியாது.

கவனிப்பால் அவ்வளவு குணம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் தருகிறேன்; இது கொரிய மருத்துவம் அல்ல, ஆனால் உங்களுக்கு வேறு விதத்திலும் பொருந்தும். இரத்தசோகை இல்லாமல், உடலில் இரும்பு இருப்பு மட்டும் குறைந்து, களைப்போடு வந்த பெண்கள் 198 பேருக்கு 12 வாரம் இரும்புச் சத்து மாத்திரையோ மருந்துப்போலியோ கொடுத்த ஆய்வு 2012-இல் வெளியானது. இரும்பு எடுத்தவர்களுக்குக் களைப்பு 48 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. ஒன்றுமே இல்லாத மாத்திரையை எடுத்தவர்களுக்கும் 29 விழுக்காடு குறைந்தது. களைப்பு என்பது தானாகவும் ஏறி இறங்கும், எதிர்பார்ப்பாலும் இறங்கும். ஒப்பிட ஆள் இல்லாமல், 'சாப்பிட்டேன், தெம்பு வந்தது' என்று ஒருவர் சொல்வதை வைத்து மருந்தை எடைபோட முடியாததற்கு இதுவே காரணம். அவர் பொய் சொல்லவில்லை. தெம்பு வந்தது உண்மை. எதனால் வந்தது என்பதுதான் தெரியாது.

இப்போது உங்கள் கையில் உள்ள கசாயத்துக்கு வருவோம். ஒருவருக்காகவே கலந்து, காய்ச்சி, ஒரு வேளைக்கு ஒன்றாகப் பைகளில் அடைத்துக் கொடுக்கும் அந்தக் கசாயத்தில் பல மூலிகைகள் இருக்கும். ஆளுக்கு ஆள் பட்டியலும் அளவும் மாறும். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரித் தயாரித்த, அளவு தெரிந்த சாறுகளைப் பற்றியவை. களைப்புக்கு அங்கே பெரிதும் எழுதப்படும் போஜுங் இக்கி தாங் என்ற கலவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் லீ தோங்யுவானிடமிருந்து வந்த அதில் அஸ்ட்ரகாலஸ், ஜின்செங், அதிமதுரம், ஆரஞ்சு வகைத் தோல் முதலியன சேரும். தாங்குய் என்ற வேரும் சேரும். ஆனால் அதே பெயரில் கொரியாவில் பயன்படுத்தும் ஏஞ்செலிகா செடி வேறு, சீனாவில் பயன்படுத்துவது வேறு, ஜப்பானில் பயன்படுத்துவது இன்னும் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பானைக்குள் போவது ஒன்றல்ல. எனவே சீனாவிலோ ஜப்பானிலோ வந்த ஆய்வு முடிவை அப்படியே உங்கள் கசாயத்துக்குப் பொருத்துவதும் சரியல்ல.

நீங்கள் இந்த மருத்துவத்தைத் தொடர விரும்பினால், அதற்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. கொரியத் தேசியக் காப்பீடு 56 பழைய கலவைகளை, ஆலையில் தயாரித்த சாற்றுப் பொடியாக, நீண்ட காலமாக ஏற்றுவருகிறது. போஜுங் இக்கி தாங்கும் அவற்றில் ஒன்று. பொடியாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது உறைமேலேயே இருக்கும், செலவும் மிகக் குறைவு. தனிக் கசாயத்துக்குப் பெரும்பாலும் கைக்காசுதான்.

கல்லீரல் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். கொரியாவில் 17 மருத்துவமனைகளில், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த 371 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். மூலிகை மருந்துகளால் வந்தவர்கள் 27.5 விழுக்காடு, நவீன மருந்துகளால் வந்தவர்கள் 27.3 விழுக்காடு. இவை தவிர, சத்துணவுப் பொருட்கள், காட்டுச் செடிகள், நாட்டு வைத்தியம் என்று தனித்தனிக் கணக்குகளும் உண்டு. மூலிகையைக் குற்றம் சொல்பவர்கள் இந்த ஆய்வைக் காட்டுவார்கள். கொரிய மருத்துவமனைகள் பத்தில் உள்நோயாளிகளாகச் சேர்ந்து ஹன்யாக் சாப்பிட்ட 1,001 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் கல்லீரல் பாதிப்பு வந்தவர்கள் ஆறு பேர், அதாவது 0.6 விழுக்காடு. ஹனுய்சாக்கள் இதைக் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும், மறுக்கவில்லை. முதலாவது, பாதிக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்டது. இரண்டாவது, சாப்பிட்டவர்களை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று கேட்டது. உங்களுக்குத் தேவையான விடை இரண்டாவதில் இருக்கிறது; ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலில், கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு. நீங்கள் வீட்டில் தனியாகக் கசாயத்தைச் சூடாக்கிக் குடிப்பவர். ஆகவே கண்காணிப்பை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்: தொடங்குமுன் ஒரு கல்லீரல் பரிசோதனை, மூன்று நான்கு வாரத்தில் இன்னொன்று. அங்கே 'கன் சுச்சி' என்று கேட்டால் போதும், எல்லோருக்கும் தெரியும். இடையில் சிறுநீர் தேநீர் நிறமானாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தியும் உடல் முழுதும் அரிப்பும் வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்லீரலைவிட நான் அதிகம் கவலைப்படுவது அதிமதுரத்தைப் பற்றி. கொரியர்கள் கம்ச்சோ என்று சொல்லும் இது ஏறக்குறைய எல்லாக் கலவைகளிலும் இருக்கும். 'மருந்துக்கடையில் கம்ச்சோ' என்பது எல்லாவற்றிலும் தலையிடுபவரைக் கேலி செய்யும் கொரியச் சொலவடையே. அதிக அளவிலோ நெடுநாளோ சாப்பிட்டால் உடல் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசைகள் சோரும். பொட்டாசியம் குறைந்தால் வருவது என்ன? களைப்புதான். களைப்புக்காகக் குடித்த கசாயமே களைப்பைக் கூட்டி, அது போதவில்லை என்று இன்னும் ஒரு மாதம் குடிப்பவர்கள் உண்டு. என்னிடம் வந்த ஒருவர் தொண்டைக்கு நல்லதென்று மாதக்கணக்கில் அதிமதுரத் தேநீர் குடித்துவந்தவர்; நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டிய நிலையில் வந்தார். தேநீரை நிறுத்திப் பொட்டாசியம் கொடுத்ததில் சில வாரத்தில் நடந்தே வந்தார். இரத்த அழுத்தத்தையும், கல்லீரலுக்கு இரத்தம் எடுக்கும்போதே பொட்டாசியத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஹனுய்சாவிடம் மூலிகைகளின் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தக் கசாயத்தைக் குடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உடலுக்குள் போவதன் பெயர் தெரியாமல் யாராலும் உங்களுக்கு உதவ முடியாது. பட்டியலில் மாஹ்வாங் இருந்தால் வேண்டாம், அது எபெட்ரா. தற்காலிகமாகச் சுறுசுறுப்பைத் தருவதுபோல் இருந்து, படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும். புஜா என்று இருந்தால் அது அகோனைட் கிழங்கு. பக்குவப்படுத்தியே சேர்ப்பார்கள் என்றாலும், அந்த அபாயத்தை ஏற்க உங்கள் களைப்பில் நியாயம் இல்லை. மோர்யோ என்று இருந்தால் அது சிப்பி ஓடு, அதாவது சுண்ணாம்புச் சத்து. தைராய்டு மாத்திரையை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தைராய்டு மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டு, நான்கு மணி நேரம் விட்டே கசாயம் குடியுங்கள். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் தான்சாமையும் ஜின்செங்கையும் தொடக்கூடாது. நீங்கள் எடுக்கவில்லை என்றாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பேச்சையே தள்ளிவைத்துவிடலாம்.

மற்ற நோய்களைப் பற்றிக் கேட்டீர்கள். வலி சார்ந்த சிக்கல்களில் ஆதாரம் ஓரளவு உறுதியாக இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு மூலிகைத் திரியால் சூடு காட்டும் முறையை 212 பேரிடமும், நாள்பட்ட கழுத்துவலிக்குச் சுனா என்னும் கைமுறைச் சிகிச்சையை 108 பேரிடமும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பயன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றிலும் எது செய்யப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரியும் என்ற குறை உண்டு. சுனாவுக்கு 2019 முதல் காப்பீடு கிடைக்கிறது. மாதவிடாய் வலி, முகவாதம், முதியோருக்குப் பக்கவாதத்துக்குப் பின் வரும் குறைகள் ஆகிய மூன்றுக்கும் கசாயத்துக்கே 2020 நவம்பரிலிருந்து சோதனை முறையில் காப்பீடு கொடுத்தார்கள். காப்பீடு இருப்பதையே ஆதாரமாகச் சிலர் காட்டுவார்கள். எந்த நாட்டிலும் காப்பீட்டுப் பட்டியல் மருத்துவ ஆய்வோடு சேர்த்து மக்களின் வழக்கத்தையும் அரசியலையும் கலந்தே எழுதப்படுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 'எல்லாம் சரி' என்று சொல்லப்பட்ட அந்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் இருக்கிறதா, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இருக்கிறதா? சைவ உணவுக்காரர் என்பதால் வைட்டமின் பி12 பார்த்தார்களா? தைராய்டு அளவைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது? ஐந்து ஆண்டுகளாக மாத்திரை எடுப்பவருக்கு 'முன்பு சரியாக இருந்தது' என்பது போதாது. சர்க்கரை, சிறுநீரகம், சுண்ணாம்புச் சத்து, வீக்கத்தைக் காட்டும் ஈஎஸ்ஆர் ஆகியவையும் வேண்டும். குறட்டை உண்டா என்று, உடன் தங்குபவர் யாராவது இருந்தால் கேளுங்கள். பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்கவைத்து நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தம் குறையாமல் துடிப்பு மட்டும் முன்பிருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடினால் அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வு பற்றியும் அவர் கேட்கட்டும். கேட்டால் கோபப்படாதீர்கள், அது உங்கள் களைப்பைக் கற்பனை என்று சொல்வதாகாது.

இவற்றில் எதுவும் இல்லை என்றால், அந்தத் திங்கட்கிழமைச் சரிவை வைத்து, இது நாள்பட்ட களைப்பு நோயாக இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். அதைக் குணப்படுத்தும் மருந்து இன்று எந்த மருத்துவ முறையிலும் இல்லை. எங்கள் முறையிலும் இல்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். உதவுவது, சக்தியைச் செலவழிப்பதில் கணக்குப் பார்ப்பதுதான். இரண்டு வாரம் ஒரு நோட்டில் செய்த வேலையையும் அடுத்த மூன்று நாளின் நிலையையும் எழுதுங்கள். எந்த அளவைத் தாண்டினால் சரிகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். வீட்டைச் சனிக்கிழமை முழுதாகச் சுத்தம் செய்யாமல், அடுப்படியை ஒரு நாள், குளியலறையை இன்னொரு நாள் என்று பிரித்து, நடுவில் படுத்து ஓய்வெடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று தோன்றும் நாளில் குறிப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியை வாரம் வாரம் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். 2007-இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டியே அப்படித்தான் சொன்னது. 2021-இல் அதைத் திரும்பப் பெற்று, இந்த நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட பயிற்சித் திட்டத்தைக் கொடுக்கக்கூடாது என்று மாற்றிக்கொண்டது.

ஆகவே என் யோசனை இது: பரிசோதனைகள் முடியும்வரை கசாயப் பைகள் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். இரும்போ பி12-ஓ தைராய்டோ குறையாக இருந்து அதைச் சரிசெய்யத் தொடங்கினால், அதன் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். அதற்குள் கசாயத்தையும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன் பிறகும் முயல விரும்பினால், மருந்துப் பட்டியலோடு, அளவு தெரிந்த பொடியாக, ஒரு மாதம் என்று முதலிலேயே எல்லை வகுத்துக்கொண்டு முயலலாம், தடுக்க மாட்டேன். இரு மருத்துவர்களிடமும் மற்றவர் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். ஹனுய்வோனுக்குப் போவதை மருத்துவமனையில் சொல்லத் தயங்குவது கொரியர்களிடமும் உள்ள பழக்கம்தான்.

அம்மாவின் அமுக்கராவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்திய ஜின்செங் என்ற பெயரை வைத்து இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம், ஜின்செங்குக்கும் அதற்கும் உறவே இல்லை. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அது பரிசோதனை முடிவுகளையே குழப்பிவிடும். அனுப்பியே தீருவேன் என்றால், இரும்புச் சத்துக்காகக் கொஞ்சம் எள்ளுருண்டையும் கேழ்வரகு மாவும் அனுப்பச் சொல்லுங்கள். எள்ளிலும் கேழ்வரகிலும் சுண்ணாம்பும் அதிகம் என்பதால், அவற்றையும் காலை மாத்திரைக்கு நான்கு மணி நேரம் கழித்தே சாப்பிடுங்கள்.